எடை கூடினால் ஆயுள் கூடுமா?

இதயம் தளர்ந்துபோன நோயாளி பருமனாகவும் இருந்தால் அவருடைய நாட்கள் குறைவு என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. உடல் பெருக்கும்போது இரத்தத்தின் அளவு பெருகுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ள வேண்டிய சுமை ஏறுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே வந்து சேர்கின்றன. இதய மாற்று அறுவை சிகிச்சைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது மிகவும் பருத்தவர்களைத் தள்ளிவைத்ததும் இதனால்தான். அரிதாகக் கிடைக்கும் தான இதயம் நீண்ட நாள் வாழக்கூடியவருக்குப் போகட்டும் என்பது மருத்துவர்களுடைய எண்ணம்.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டமாரா ஹார்விச், கிரெக் ஃபோனரோ ஆகியோர் அடங்கிய குழு இந்த நம்பிக்கையை எண்களால் சோதித்துப் பார்த்தது. முற்றிய இதயச் செயலிழப்போடு அங்கே வந்த 1,203 பேரை எடையின்படி நான்கு குழுக்களாகப் பிரித்து, யார் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று தொடர்ந்து கவனித்தார்கள். 2001-இல் முடிவு வெளியானது. பருமனானவர்கள் முன்னதாக இறக்கவில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் அவர்கள்தான் சற்றுக் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள்.

ஒரு மருத்துவமனையில் தற்செயலாக நேர்ந்தது என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. டிஜாக்சின் மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வொன்றில் இடம்பெற்ற 7,767 நோயாளிகளின் விவரங்களை 2005-இல் வேறொரு குழு திரும்பப் புரட்டிப் பார்த்தது. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், எடை குறைந்தவர்களில் 45 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பருமனானவர்களில் இறந்தவர்கள் 28 சதவீதம். இடையிலிருந்த குழுக்கள் படிக்கட்டுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நின்றன. 2007-இல் அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடு ஒன்றிலிருந்து 1,08,927 சேர்க்கைகளை எடுத்துக் கணக்கிட்டபோதும் அதே போக்கு தெரிந்தது. பி.எம்.ஐ. 5 அலகு கூடும்போதெல்லாம் மருத்துவமனையிலேயே இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம் குறைந்தது. கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற எண்தான் பி.எம்.ஐ. என்பது வாசகர்கள் அறிந்ததே. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த இதய மருத்துவர் கார்ல் லாவியும் அவருடைய கூட்டாளிகளும் 2003-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதற்கு 'பருமன் முரண்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் என்ன முரண்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948 முதல் அந்த ஊர் மக்களின் இதயநலத்தை ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அந்த மக்களில் 5,881 பேரைச் சராசரியாக 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கு 2002-இல் வெளியானது. பி.எம்.ஐ. ஓர் அலகு கூடினால் இதயச் செயலிழப்பு வரும் ஆபத்து ஆண்களுக்கு 5 சதவீதமும் பெண்களுக்கு 7 சதவீதமும் ஏறியது. பருமனானவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, இந்த நோயை வரவழைக்கும் காரணங்களில் பருமனும் ஒன்று என்பதில் ஐயமில்லை. நோயை வரவழைத்த அதே பருமன், வந்த பிறகு உயிரைக் காக்கிறது என்றால் எப்படி ஏற்பது?

'குண்டாக இருப்பது இதயத்துக்கு நல்லது' என்று இந்த ஆய்வுகளைச் சுருக்கிச் சொல்லிவிடுவது மிக எளிது. அது தவறு. ஆனால் அந்த எண்களும் பொய்யல்ல. எண்கள் மெய்யாக இருந்தும் அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு எப்படிப் பொய்யாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த நோய் உள்ளவர்களின் எடையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். அதற்கு முதலில் நோயையே கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுபோவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இது அதுவல்ல. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது. நம் ஊர் மருத்துவமனை வராந்தாக்களில் "பம்பிங் முப்பதுதான் இருக்காம்" என்று உறவினர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்று எக்கோ பரிசோதனையில் பார்ப்பார்கள். நலமான இதயத்தில் அது 55-க்கு மேல் இருக்கும். 40-க்குக் கீழ் இறங்கினால் இதயத்தசை பலம் இழந்துவிட்டது என்று பொருள். இன்னொரு வகையும் உண்டு. அதில் பம்பிங் சரியாகவே இருக்கும். ஆனால் இதயச் சுவர் விறைத்துப்போய், இரத்தத்தை வாங்கி நிரப்பிக்கொள்ள முடியாமல் தவிக்கும். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த இரண்டாம் வகைதான். எடையைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

இரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம் உடலில் நீர் வற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. கால் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. எடை ஏறுகிறது. ஏறியது சதையல்ல, நீர். நீர் பிரிவதற்கான மாத்திரை கொடுத்ததும் ஒரு வாரத்தில் நான்கைந்து கிலோ இறங்குவது சாதாரணம்.

இதே நேரத்தில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடக்கலாம். தசை கரையத் தொடங்குகிறது. இது பழைய செய்தி. வயிறும் காலும் நீரால் வீங்க, தோளும் மார்பும் தொடையும் உருகிப்போகும் நோயாளிகளைப் பற்றி ஹிப்போகிரட்டிஸ் மரபு மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய மருத்துவர்கள் இதைக் கேக்கெக்சியா என்கிறார்கள். நாம் உடல் உருகல் என்று சொல்லலாம்.

உருகுவதற்குப் பல வழிகள் உண்டு. குடலின் சுவரும் நீர் கோத்து வீங்குவதால் சாப்பிட்டது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கல்லீரல் வீங்கி வயிற்றை அழுத்துவதால் இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டதுபோல் இருக்கிறது. மூச்சு விடுவதற்கே உடல் கூடுதல் ஆற்றலைச் செலவழிக்கிறது. உடலை எப்போதும் போர்க்கோலத்தில் வைத்திருக்கும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் தசையைக் கட்டுவதைவிடச் சிதைப்பதையே தூண்டுகின்றன. அழற்சியை உண்டாக்கும் டி.என்.எஃப். என்ற புரதம் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் இரத்தத்தில் மிகுந்திருப்பதை, அதிலும் குறிப்பாக உருகிப்போனவர்களிடம் மிகுந்திருப்பதை, 1990-இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தை அடக்கிவிட்டால் நோயாளிகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கையில் எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மருந்தால் பயனில்லை. இரண்டாவது, அதிக அளவில் கொடுக்கப்பட்டவர்களுக்குத் தீங்கே செய்தது. உடல் உருகுவதற்கான பழியை ஒரே ஒரு புரதத்தின்மீது போட்டு நிறுத்திவிட முடியாது என்று அப்போது தெரிந்தது.

உருகுவது எவ்வளவு கொடியது என்பதை எண்களில் காட்டியவர் ஸ்டெஃபான் அங்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர். அவர் லண்டனில் பணியாற்றியபோது, 171 நோயாளிகளைக் கவனித்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன காலத்தில், முயலாமலே, எடையில் 7.5 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களைத் தனியாகப் பிரித்தார். 171 பேரில் அப்படி 28 பேர் இருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்குள் அவர்களில் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். வயது என்ன, பம்பிங் எவ்வளவு என்றெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் உருகியவர்களின் ஆபத்து தனியாக நின்றது. பல புற்றுநோய்களுக்கு நாம் அஞ்சும் அளவுக்கு இதற்கும் அஞ்ச வேண்டும்.

இப்போது பருமன் முரணுக்குத் திரும்பலாம். ஆய்வில் 'எடை குறைந்தவர்' என்ற குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? வாழ்நாள் முழுவதும் ஒல்லியாக, நலமாக இருந்தவர்களும் இருக்கிறார்கள். போன ஆண்டு 75 கிலோ இருந்து, நோயால் உருகி, இன்று 52 கிலோவாக வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். எடைக்கருவிக்கு இருவரும் ஒன்றுதான். இரண்டாமவருடைய சாவை மெலிவின் கணக்கில் எழுதுகிறோம். மெலிவால் அவர் சாகவில்லை. சாகும் அளவுக்கு நோய் முற்றியதால்தான் மெலிந்தார்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் திணறி நின்றுவிடுகிறது. காலியாகப் போன இன்னொரு லாரி சமதரையிலேயே நின்றுவிடுகிறது. எந்த லாரியின் இன்ஜின் மோசமானது? இரண்டாவதுதான். அதற்காகப் பாரம் ஏற்றினால் இன்ஜின் நலமாகும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதயச் செயலிழப்பு ஆய்வுகளில் சேர்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே 'நின்றுபோன லாரிகள்'. பருமனான ஒருவருக்கு உடற்சுமையே மூச்சிரைப்பைக் கொண்டுவந்துவிடும். இதயம் அவ்வளவு கெடுவதற்கு முன்பே அவர் மருத்துவரிடம் வந்துவிடுகிறார். ஒல்லியானவருக்கு இந்த நோய் வருகிறதென்றால் பின்னால் பெரிய மாரடைப்போ, இதயத்தசையைத் தாக்கிய வேறு நோயோ, மரபணுக் கோளாறோ இருக்கக்கூடும். நோயாளிகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஒப்பிடும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. பருமன் காப்பதுபோல் ஒரு தோற்றம் எழுகிறது.

பருமனான நோயாளிகள் பெரும்பாலும் வயதில் இளையவர்கள். அவர்களுடைய இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால், அழுத்தத்தைக் குறைக்கும் இதய மருந்துகளை முழு அளவில் தாங்கிக்கொள்கிறார்கள். இவையும் அவர்கள் பக்கம் சேர்கின்றன.

இவ்வளவையும் கழித்த பிறகும் உண்மையான காப்பு ஏதேனும் மிஞ்சுகிறதா? கொஞ்சம் மிஞ்சலாம். நீண்ட நோயில் உடல் தன்னையே தின்று வாழும்போது கையிருப்பு உள்ளவர் கூடுதல் நாள் தாக்குப்பிடிப்பார் என்பது நம்பக்கூடிய விளக்கம்தான். வீங்கிய குடலிலிருந்து கசியும் பாக்டீரியா நச்சுகளை இரத்தக் கொழுப்பு பிடித்து அடக்குகிறது என்று ஒரு கருதுகோளும் உண்டு. என் கணிப்பில் இவற்றின் பங்கு சிறியது. காரணம், அளவுகோலையே மாற்றிப் பார்த்தபோது கிடைத்த முடிவு.

பி.எம்.ஐ.யின் கதை இங்கே தேவைப்படுகிறது. பெல்ஜியத்து வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியபோது பிறந்த சூத்திரம் அது. ஒரு தனிமனிதரின் நலத்தை அளக்க அவர் அதை உருவாக்கவில்லை. 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கணக்கிடுவது எளிது என்பதால் உலகம் முழுவதும் பரவிவிட்டது. கொழுப்பு, தசை, எலும்பு, நீர் எல்லாவற்றையும் அது ஒரே எண்ணாக்கிவிடுகிறது. கால் வீங்கிய நோயாளியின் பத்து கிலோ நீரும் அதற்கு எடைதான்.

இந்தியர்களுக்கு இது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஒரு படம் காட்டியது. புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம். யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. புனேயில் பிறக்கும் குழந்தைகளிடமும் யாக்னிக் இதைக் கண்டார். அவர்களுடைய சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருக்க, தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மேலைநாட்டில் 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று பரிந்துரைப்பது இதனால்தான். நோய் வந்த பிறகு இந்த உடலமைப்பு இன்னும் பெரிய இடர். தொடக்கத்திலேயே தசைக் கையிருப்பு குறைவு. அதிலிருந்துதான் உருக வேண்டும்.

சரி, பி.எம்.ஐ.யை விட்டுவிட்டு வேறு அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும்? 2023-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். இந்தியா உள்ளிட்ட 47 நாடுகளில் நடந்த பாரடைம் எச்.எஃப். என்ற மருந்து ஆய்வில் பங்கேற்ற, பம்பிங் குறைந்த 8,399 நோயாளிகளின் விவரங்கள் அவர்களிடம் இருந்தன. பி.எம்.ஐ.யை மட்டும் பார்த்தபோது வழக்கம்போல் பருத்தவர்களே பிழைப்பதாகத் தெரிந்தது. வயது, பிற நோய்கள், இதயத்தின் திணறலைக் காட்டும் என்.டி. புரோபி.என்.பி. என்ற இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தச் சாதகம் மறைந்தது. இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்துப் பார்த்தபோதோ தொடக்கத்திலிருந்தே முரண் மங்கிப்போனது. இடுப்பு மிகப் பருத்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, இடுப்பு மிகச் சிறுத்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 39 சதவீதம் கூடுதலாக இருந்தது. இருபது ஆண்டுகளாக மருத்துவ உலகைக் குழப்பிய முரணின் பெரும்பகுதி ஓர் இஞ்ச் டேப்பில் கரைந்தது.

இதற்குப் பத்தாண்டு முன்பே லாவியின் குழு மற்றொரு தடயத்தைக் கண்டிருந்தது. 2,066 நோயாளிகளை உடற்பயிற்சிச் சோதனையில் ஓடவும் மிதிக்கவும் வைத்துப் பார்த்தார்கள். உடல்திறன் நன்றாக இருந்தவர்களில் ஒல்லிக்கும் பருமனுக்கும் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. உடல்திறன் குறைந்தவர்களிடம் மட்டுமே பருமன் முரண் தலைகாட்டியது. 'பருமன் முரண்' என்ற பெயரைப் பரப்பியவரே அதன் எல்லையையும் காட்டியதை மதிக்கிறேன்.

அப்படியானால் இதயச் செயலிழப்பு உள்ள பருமனானவர் எடையைக் குறைக்கலாமா? இங்கேதான் முன்பு சொன்ன இரண்டு வகைகளும் பிரிந்து நிற்கின்றன.

இதயம் விறைத்துப்போன, பம்பிங் சரியாக உள்ள வகையில் விடை தெளிவாகி வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் பருமனானவர்கள். வயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் படியும் கொழுப்பே அவர்களுடைய நோயை வளர்க்கிறது என்று கருத இடமுண்டு. 2023-இல் வெளியான ஆய்வில் இத்தகைய 529 பேருக்கு வாரம் ஒருமுறை, எடையைக் குறைக்கும் செமாகுளுடைட் ஊசியோ போலி ஊசியோ ஓராண்டு போட்டார்கள். மருந்து எடுத்தவர்கள் சராசரியாக எடையில் 13.3 சதவீதம் இழந்தார்கள், மற்றவர்கள் 2.6 சதவீதம். மூச்சிரைப்பும் களைப்பும் குறைந்து, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சுமார் 20 மீட்டர் கூடியது. அடுத்த ஆண்டில் வந்த, டிர்செபடைட் என்ற மற்றொரு எடைக்குறைப்பு மருந்தின் ஆய்வில் 731 பேர். இதயக் காரணத்தால் இறப்பதோ நோய் முற்றுவதோ போலி மருந்துக் குழுவில் 15.3 சதவீதம், மருந்துக் குழுவில் 9.9 சதவீதம். ஆனால் இந்த நன்மை நோய் முற்றுவதைத் தடுத்ததால் வந்தது. இறப்பு குறையவில்லை, இதயக் காரணத்தால் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 8 பேர், மற்றதில் 5 பேர். இவ்வளவு சிறிய எண்களிலிருந்து எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது. நோயாளி நன்றாக நடக்கிறார், மருத்துவமனைக்குக் குறைவாக வருகிறார் என்பது உறுதி. நீண்ட நாள் வாழ்வாரா என்பதற்குப் பெரிய ஆய்வுகள் தேவை.

பம்பிங் குறைந்த வகையில் நிலைமை வேறு. இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளுடைட் மருந்தை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. அமெரிக்காவில் 300 பேரிடம் 2016-இல் நடந்ததில் பலன் தெரியவில்லை. 241 பேர் பங்கேற்ற மற்றதில், மருந்து எடுத்தவர்களின் நாடித்துடிப்பு கூடியது. கடுமையான இதயச் சிக்கல்கள் அவர்களில் 10 சதவீதத்தினருக்கும் போலி மருந்து எடுத்தவர்களில் 3 சதவீதத்தினருக்கும் வந்தன. தெரிந்தவர் ஒருவர் ஊசி போட்டு இளைத்தார் என்று கேள்விப்பட்டு, பம்பிங் 25 உள்ளவர் தானும் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. இந்த ஊசிகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எக்கோ அறிக்கையில் உள்ள அந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது.

முயன்று குறைப்பதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். முயலாமலே குறைவதுதான் இந்த அத்தியாயத்தில் எனக்குப் பெரிய கவலை. சார்ம் என்ற ஆய்வில் 6,900-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் எடையை அவ்வப்போது பார்த்து வந்தார்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதமோ அதற்கு மேலோ எடை இழந்தவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட இறக்கும் ஆபத்து 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. தொடக்கத்தில் அவர் பருமனா ஒல்லியா என்பதைவிட எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார் என்பதைக் கேட்க வேண்டும் என்று இந்த எண் சொல்கிறது.

நம் வீடுகளில் இப்படி எடை குறைவது பெரும்பாலும் நல்ல செய்தியாகவே வரவேற்கப்படுகிறது. "அப்பா நல்லா இளைச்சுட்டார், தொந்தியெல்லாம் போயிருச்சு" என்று மகள் மகிழ்கிறார். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது, நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறது, நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கிறது. கால் வீக்கம் இருப்பதால் எடைக்கருவி பழைய எண்ணையே காட்டுகிறது. சில நோயாளிகளுக்கு எடை மாறாமலே இருக்கும். உள்ளே மூன்று கிலோ தசை போய் மூன்று கிலோ நீர் வந்திருக்கும். நீர் மாத்திரை சரியாக வேலை செய்து வீக்கம் வடிந்த அன்றுதான் உண்மையான உடம்பு வெளியே தெரியும். அந்த வீக்கமற்ற எடையைத்தான் மருத்துவர்கள் குறித்து வைத்துக்கொண்டு பின்வரும் மாதங்களில் ஒப்பிட வேண்டும்.

உணவு விஷயத்தில் அன்பே சில வேளை தீங்காகிறது. இதய நோயாளி என்றதும் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், அது சரி. வீட்டில் அதோடு நிறுத்துவதில்லை. எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் மூன்று வேளையும் உப்பில்லாத கஞ்சியில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். ஏற்கெனவே பசியற்றவர் அதையும் பாதியில் ஒதுக்கிவிடுகிறார். ஸ்பெயினில் ஊட்டம் குறைந்த நிலையில் மருத்துவமனையில் சேர்ந்த 120 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு உணவியலாளர் வகுத்த உணவும் தேவைப்பட்டால் ஊட்டச்சத்துக் கலவையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அந்தக் குழுவில் 20 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 47 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் சுவிட்சர்லாந்தில் 645 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்விலும் ஊட்டம் திட்டமிட்டுக் கொடுக்கப்பட்டவர்களிடம் முப்பது நாள் இறப்பு 14.8-லிருந்து 8.4 சதவீதமாகக் குறைந்தே இருந்தது. விலை உயர்ந்த புதிய மருந்து எதுவும் இல்லாமல் சோற்றாலும் பருப்பாலும் முட்டையாலும் இவ்வளவு செய்ய முடியும் என்றால் அதை ஏன் நாம் மருத்துவத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறோம்?

மருந்தும் உடம்பைக் காக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மலிவான எனலாப்ரில் மாத்திரை, நோயாளிகள் எடையில் 6 சதவீதம் இழக்கும் ஆபத்தை 19 சதவீதம் குறைத்ததாக அங்கர் 2003-இல் காட்டினார். இதயத்தின் பாரம் இறங்கினால் உடல் உருகுவதும் தணிகிறது. நன்றாக இருக்கிறது என்று நடுவில் மாத்திரையை நிறுத்துபவர்கள் இதையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இந்த நோயில் நம் பகுதிக்குக் கால அவகாசம் குறைவு. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 61. அமெரிக்கப் பதிவேட்டில் அது எழுபதைத் தாண்டியிருந்தது. ஐந்தாண்டு முடிவில் திருவனந்தபுரத்து நோயாளிகளில் 59 சதவீதம் பேர் உயிரோடு இல்லை.

இந்த நோய் உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஓர் எடைக்கருவியும் ஒரு நோட்டும் வாங்கிவிடுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் நாள்தோறும் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் சேர்கிறது. மூச்சிரைப்பு வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். மாதம் ஒருமுறை இடுப்பையும் அளந்து எழுதுங்கள்; அது உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எடையைக் குறைக்க எந்த முயற்சியும் செய்யாமலே, 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 57-க்கு வந்துவிட்டால், அதைப் பாராட்டாதீர்கள். அடுத்த தவணைவரை தள்ளிப்போடவும் வேண்டாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.